வளவுக்க பூட்டிக்கிடந்த நீச்சல் தடாகத்தில தண்ணி கலங்கிப்போச்சோ? அடிக்கடி கேக்கிற கேள்வியளும் பதிலும்

கிளிநொச்சி, பரந்தன், முறிகண்டி, மாங்குளம் எண்டு இந்தப் பக்கம் வளவுக்க பூல் கட்டின வீடுகள் இப்ப கொஞ்சம் இருக்கு. கனக்க வெளிநாட்டில இருக்கிற ஆக்களின்ர வீடுகள்தான், ஆடி ஆவணி லீவுக்கு வந்து ஒரு மாசம் குளிச்சுக் கும்மாளமடிச்சிட்டுப் போனால் பேந்து அடுத்த வருசம்தான் கேற்றைத் திறக்கிறது, அதுக்குள்ள ஒரு மாரி போயிடும், மாரி போனாப்பிறகு அந்தத் தண்ணியைப் பாத்தால் ஆரும் அழுவினம். நான் கிணறு இறைக்கிற, மோட்டர் பூட்டுற வேலையால இதுக்குள்ள வந்த ஆள். வீட்டுக்காரர் கேக்கிறது, வீட்டைப் பாக்கிற அண்ணைமார் போனில கேக்கிறது எல்லாத்தையும் சேத்து இதில எழுதுறன். கணக்குச் சொல்லேக்க 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம் உள்ள பூலை வச்சுச் சொல்லுறன், உங்கடை கூடக் குறைய எண்டால் அதுக்கேத்த மாதிரி மாத்துங்கோ.

பச்சை இல்லை, சும்மா கலங்கல்தான். பிள்ளையள் இறங்கலாமோ?

ஏலாது. இதை முதலாவதா எழுதிறதுக்குக் காரணம் இருக்கு. கரையில நிண்டு பாக்கேக்க ஆழமான பக்கத்தில அடியில இருக்கிற வடிகால் மூடி வடிவாத் தெரியோணும், அதில இருக்கிற ஓட்டையள் வரைக்கும் தெரியோணும், தெரியாட்டி ஒருத்தரும் இறங்கக்கூடாது, பெரியாக்களும்தான். கலங்கின தண்ணிக்க ஒரு பிள்ளை தாண்டால் பக்கத்தில நிக்கிற ஆளுக்கே தெரியாது. பிள்ளையள் தாழேக்க கத்துறேல்ல, கை அடிக்கிறேல்ல, சத்தமில்லாமத்தான் போகுங்கள். கட்டில்லாக் கிணறு, மழைக்கு நிரம்பின கிடங்கு எண்டு தண்ணி பிள்ளையளைக் கொண்டுபோன கதை எங்கட எல்லா ஊரிலயும் இருக்கு, இனி ஒண்டு வேண்டாம்.

இன்னொண்டு, மேல ஒரு தறப்பாளை விரிச்சு நாலு கல்லு வச்சிட்டு மூடியாச்சு எண்டு விடாதேங்கோ. அது வெறும் தண்ணியை விட மோசம். பிள்ளை நிலம் எண்டு நினைச்சு மேல காலை வைக்கும், தறப்பாள் சுத்திக்கொண்டு உள்ள இழுக்கும். வேலி அடியுங்கோ, பூட்டுற கேற் போடுங்கோ, தெளிய வைக்கிற வேலை அதுக்குப் பிறகு.

தண்ணி ஏன் கலங்குது?

பெரும்பாலும் நாலு காரணம்தான். குளோரின் முடிஞ்சு பாசி தொடங்குது, இல்லாட்டி பில்டர் ஒழுங்கா வடிக்கேல்ல, இல்லாட்டி தண்ணியில உள்ள சுண்ணாம்பு கரைஞ்சு நிக்க ஏலாம வெளிய வருது, இல்லாட்டி சோளகக் காத்துக்கு வந்து விழுந்த செம்புழுதி. கவனிக்காமக் கிடந்த பூலில நாலும் ஒண்டாத்தான் இருக்கும். மயில், குரங்கு வந்து குடிச்சு எச்சம் போட்டிட்டுப் போறதும் வேப்பம்பூ கொட்டுறதும் சேந்தால் போட்ட குளோரின் எல்லாம் அதுகளை எரிக்கவே போயிடும்.

முழுத்தண்ணியையும் இறைச்சு ஊத்திப்போட்டு புதுசா விட்டால் லேசுதானே?

இந்தக் கேள்விதான் கூடக் கேக்கிறது, நான் கெஞ்சிக் கேக்கிறன், அவசரப்பட்டு மோட்டரைப் போடாதேங்கோ.

மாரியில, அதாவது ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும், எங்கட பக்கம் நிலத்துக்குக் கீழ தண்ணி மேல ஏறி நிக்கும். கிணத்தை எட்டிப் பாத்தால் கையால அள்ளலாம் போல நிக்கும். இரணைமடுக் குளம் நிரம்பி வாய்க்காலில தண்ணி ஓடுற காலம், வயல் பக்கம் எண்டால் இன்னும் மேல. அந்த நேரம் பூலை வெறுமையாக்கினால் என்ன நடக்கும் எண்டால், உள்ளுக்க அமத்திப் பிடிக்கிற பாரம் இல்லை, வெளிய இருக்கிற தண்ணி கீழ நிண்டு தள்ளும். பூலின்ர அடியை விட ஒரு மீற்றர் உயரத்துக்கு நிலத்தண்ணி நிண்டால் சதுர மீற்றருக்கு ஒரு தொன் பாரம் மேல தள்ளுது, 8 க்கு 4 எண்டால் 32 தொன். சீமெந்துத் தளம் வெடிக்கும், பைபர்கிளாஸ் தொட்டி எண்டால் வள்ளம் மாதிரிக் கிளம்பும். நான் போய்ப் பாத்த ஒரு வீட்டில கார்த்திகை மழைக்க இறைச்சுப்போட்டு விடிய எழும்பிப் பாத்தவை, அடித்தளம் நடுவால வெடிச்சு அந்த வெடிப்பாலயே ஊத்து வந்துகொண்டு நிண்டது. அந்த வேலையைச் செய்த பெடியனிலயும் பிழை சொல்ல ஏலாது, அவனுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்ல.

கோடையில இறைச்சால் வெடிக்கிற பயம் குறைவு, ஆனால் திருப்பி நிரப்பத் தண்ணி எங்க? நான் சொன்ன பூலுக்கு 45,000 லீற்றர் வேணும். 5,000 லீற்றர் பவுசர் எண்டால் 9 தரம் வரோணும். ஆவணி புரட்டாதியில கிணறு அடியைக் காட்டிக்கொண்டு கிடக்க, பக்கத்து வளவில தோட்டத்துக்கு இறைக்க இல்லாம நிக்க, நாங்கள் குளிக்கிறதுக்கு அவ்வளவையும் உறிஞ்சிறது எனக்கு மனசுக்கு ஒவ்வாது. கலங்கின தண்ணி நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில தெளியவைக்கக்கூடிய தண்ணிதான். அடியில ஒரு அடிக்கு அழுகல் சேறு நிண்டால், இல்லாட்டி மலசலகூடத் தண்ணி கலந்திருந்தால் மட்டும் இறைக்கிறதைப் பற்றி யோசிக்கலாம், அதையும் கோடையில, கிணத்தில தண்ணி மட்டம் எங்க நிக்குது எண்டு பாத்திட்டுச் செய்யுங்கோ.

முதல் நாள் என்ன செய்யிறது?

மருந்து ஒண்டும் போடாதேங்கோ. முதல்ல ஊத்தையை அள்ளுங்கோ. நீளத் தடியில வலை கட்டி இலை குழை, தேங்காய் மட்டை, செத்த தவளை எல்லாத்தையும் எடுங்கோ. இலை அடியில கிடக்கும் வரைக்கும் எவ்வளவு குளோரின் போட்டாலும் அது தின்னும்.

வெறுங்காலோட இறங்காதேங்கோ. எலி மூத்திரம் கலந்த தண்ணியாலதான் எலிக்காய்ச்சல் வாறது, வயலில வாற அதே காய்ச்சல்தான், காலில சின்னக் கீறல் இருந்தாலே காணும். கம்பூட்ஸ், கையுறை போடுங்கோ, பிறகு காய்ச்சல், தசைநோ எண்டு வந்தால் ஆஸ்பத்திரியில இந்தத் தண்ணிக்க நிண்டனான் எண்டு சொல்லுங்கோ. பாம்பும் கவனம். வலை வைக்கிற கூடைக்குள்ள, பம்புக் கொட்டிலுக்க சுருண்டு கிடக்கும், விழுந்து ஏற ஏலாம நிக்கிறதும் இருக்கும். கையை விட முதல் தடியால தட்டுங்கோ.

பம்பைப் போட முதல் ட்ரிப் சுவிச் வேலை செய்யுதோ எண்டு அமத்திப் பாருங்கோ. ஒரு வருசம் கிடந்த வயரை எலி கடிச்சிருக்கும், ஈரத்தில நிண்டுகொண்டு சுவிச்சைத் தட்டுறது விளையாட்டில்லை. வயர் பழுதெண்டால் வயரிங் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்கோ. பம்புக்குத் தண்ணி ஊத்தி நிரப்பிப்போட்டுத்தான் ஓடவிடோணும், வெறுமையா ஓடினால் சீல் எரிஞ்சு போடும்.

எங்கட பூலில எவ்வளவு தண்ணி எண்டு எப்பிடிக் கணக்குப் பாக்கிறது?

நீளம், அகலம், சராசரி ஆழம் மூண்டையும் மீற்றரில பெருக்கி 1000 ஆல பெருக்குங்கோ. ஒரு பக்கம் 1 மீற்றர், மற்றப் பக்கம் 1.8 எண்டால் சராசரி 1.4. 8 தர 4 தர 1.4, 44.8, அதாவது 45,000 லீற்றர் அளவில. இந்த இலக்கத்தைப் பம்புக் கொட்டில் சுவரில பெயின்டால எழுதி விடுங்கோ, ஒவ்வொரு முறையும் தேவைப்படும்.

குளோரின் எவ்வளவு, எப்ப, எப்பிடிப் போடுறது?

முதல்ல பிஎச், அதாவது தண்ணி புளிப்போ காரமோ எண்டு காட்டுற அளவை, தண்ணி அளக்கிற கிற்றால பாருங்கோ. 7.2 இல இருந்து 7.6 க்குள்ள நிக்கோணும். பிஎச் 8 க்கு ஏறினால் போட்ட குளோரினில கால்வாசிதான் வேலை செய்யும், மிச்சம் சும்மா கிடக்கும், சனம் அதைத் தெரியாம இன்னும் இன்னும் கொட்டுறது. குறைக்கிறதுக்கு ஐதரோகுளோரிக் அசிட். 45,000 லீற்றருக்கு 300 மில்லி அளவில ஒரு வாளி தண்ணிக்க மெல்ல விட்டு, ஆழமான பக்கமா ஊத்தி, பம்பை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுத் திருப்பி அளந்து பாத்துத்தான் அடுத்த 300. பிஎச் ஒரு இடத்தில நிக்காம ஏறி இறங்கிக்கொண்டு இருந்தால் அல்கலினிற்றி, அதாவது பிஎச்சை ஆடாமப் பிடிச்சு வைக்கிற காரத்தன்மை, குறைவு, 80 இல இருந்து 120 பிபிஎம் (1000 லீற்றருக்கு 1 கிராம் எண்டால் 1 பிபிஎம்) வேணும், அதுக்கு அப்பச்சோடா, இந்த அளவு தண்ணிக்கு முக்கால் கிலோ போட்டால் 10 பிபிஎம் கூடும்.

குளோரின் எண்டு நான் சொல்லுறது கிணத்துக்குப் போடுற அதே குளோரின் தூள், 70 வீதம் உள்ளது. பேக்கில வீதம் எழுதியிருக்கும், பழசெண்டால் வீரியம் குறைஞ்சிருக்கும். கலங்கின தண்ணிக்கு முதல் தரம் 10 பிபிஎம் வரப் போடோணும். கணக்கு என்னெண்டால் 1000 லீற்றருக்கு 10 கிராம் சுத்தக் குளோரின், 45,000 க்கு 450 கிராம், தூள் 70 வீதம் எண்டபடியா 640 கிராம். பச்சையாக் கிடந்தால் ஒரு தரத்தில முடியாது, ரெண்டு மூண்டு நாள் பொழுதுபடப் பொழுதுபடப் போடோணும், போட்டிட்டுச் சுவரையும் தளத்தையும் தும்புத்தடியால உரஞ்சி விடோணும், உரஞ்சாட்டி பாசி வழுவழுப்புக்குக் கீழ உயிரோட நிக்கும்.

பொழுதுபடத்தான் போடோணும். எங்கட வெயிலுக்குப் பகலில போட்டால் ரெண்டு மணித்தியாலத்தில பாதிக்கு மேல வெயிலே தின்னும்.

இனிச் சொல்லுறதைக் கவனமாப் படியுங்கோ, இதில பிழை விட்டால் ஆள் இல்லை. வாளியில தண்ணியை நிரப்பிப்போட்டு அதுக்க தூளைப் போடோணும், தூளுக்கு மேல தண்ணி ஊத்தக்கூடாது. அசிட்டும் அப்பிடித்தான், தண்ணிக்க அசிட். அசிட்டும் குளோரினும் ஒரு வாளியில, ஒரு கோப்பையில, ஒரே நேரத்தில சேரக்கூடாது, சேந்தால் வாறது நச்சு வாயு, நெஞ்சைப் பிடிச்சிடும். ஒண்டு போட்டால் மற்றதுக்கு நாலு மணித்தியாலமாவது விடுங்கோ. குளோரின் குளிசையையும் இந்தத் தூளையும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். எங்கட வீடுகளில எல்லாத்தையும் ஒரே கொட்டிலுக்க அடுக்கிற பழக்கம், யூரியா பேக்குக்குப் பக்கத்தில, டீசல் கானுக்குப் பக்கத்தில குளோரின் வாளி நிக்கும். அது நெருப்புக்கு அழைப்பு. யூரியாவும் குளோரினும் சேந்தாலும் வெடிக்கிற சாமான் உண்டாகும். தனிய, ஈரமில்லாத, காத்தோட்டமான இடத்தில, பிள்ளையளின்ர கைக்கு எட்டாம வையுங்கோ.

பாசி செத்திட்டுதோ எண்டு எப்பிடித் தெரியும்?

பொழுதுபடக் குளோரின் போட்டு ஒரு மணித்தியாலத்தால அளவுங்கோ, விடியப்புறம் வெயில் ஏற முதல் திருப்பி அளவுங்கோ. இரவில வெயில் இல்லை, அப்ப குறைஞ்சது முழுக்கப் பாசியும் ஊத்தையும் தின்டது. 1 பிபிஎம்முக்கு மேல குறையேல்ல எண்டால் அந்தப் பக்கம் முடிஞ்சுது. பச்சை போய் சாம்பல் வெள்ளையா மாறினால் பயப்படாதேங்கோ, அது செத்த பாசி, இனி பில்டரின்ர வேலை.

அவ்வளவு போட்டும் கிற் பூச்சியம் காட்டுது?

சிலவேளை குளோரின் கூடிப்போனாலும் அப்பிடித்தான் காட்டும். ரோஸ் நிறம் வாற கிற்றில குளோரின் அளவு மிஞ்சினால் நிறத்தையே வெளுத்துப்போடும், துளியை விட்டவுடன ஒரு கணம் ரோஸ் அடிச்சு மறைஞ்சால் அதுதான். பூல் தண்ணி ஒரு பங்கு, போத்தல் தண்ணி நாலு பங்கு கலந்து பாத்து 5 ஆல பெருக்குங்கோ. பூச்சியம் எண்டு நம்பி இன்னும் ஒரு கிலோ கொட்டின ஆக்கள் இருக்கினம்.

குளோரின் போட்டவுடன பால் மாதிரி வந்திட்டுது. இன்னொரு வீட்டில தேத்தண்ணி நிறம் வந்ததாம். ஏன்?

கிணத்துத் தண்ணியின்ர குணம் அது. எங்கட பக்கம் ஒரு கிணத்துத் தண்ணி மாதிரி மற்றக் கிணத்துத் தண்ணி இராது. சுண்ணாம்புத் தண்ணி, கேத்திலில வெள்ளை படியிற தண்ணி எண்டால் குளோரின் தூள் போட்டு பிஎச் ஏற சுண்ணாம்பு வெளிய வந்து பால் மாதிரி நிக்கும், அந்தத் தூளிலயே கல்சியம் இருக்கு எண்டதையும் நினைவில வையுங்கோ. இரும்பு உள்ள தண்ணி எண்டால் இறைக்கேக்க கண்ணாடி மாதிரித் தெளிவா வரும், குளோரின் பட்டவுடன தேத்தண்ணி நிறமாகும், இரும்பு துருவா மாறுறது அது.

அரை மணித்தியாலத்தில கண்டுபிடிக்கலாம். ரெண்டு வெள்ளை வாளியில பூல் தண்ணி எடுங்கோ. ஒண்டுக்க ரெண்டு மூண்டு துளி அசிட் விடுங்கோ, தெளிஞ்சால் சுண்ணாம்பு, அப்ப பிஎச்சைக் குறைச்சால் பிரச்சினை தீரும். மற்றதுக்க ஒரு சிட்டிகை குளோரின் போடுங்கோ, மண்ணிறமானால் இரும்பு, அந்தத் துருவை பில்டரும் படிகாரமும்தான் எடுக்கும். அந்த வாளியளை வேற வேற இடத்தில வச்சுச் செய்யுங்கோ, முடிய ஒண்டோட ஒண்டு சேத்து ஊத்தாதேங்கோ. ரெண்டிலயும் ஒண்டும் நடக்கேல்ல, இரவு வச்சிருக்க அடியில மண்டி படிஞ்சுது எண்டால் வெறும் புழுதியும் செத்த பாசியும்.

பில்டரை எவ்வளவு நேரம் ஓடவிடோணும்?

தெளியும் வரைக்கும், இரவு பகல். இதிலதான் எல்லாரும் கள்ளம் விடுறது. ரெண்டு மணித்தியாலம் ஓடவிட்டிட்டு, தெளியேல்ல, வேற மருந்து சொல்லுங்கோ எண்டு போன் வரும். மருந்து பாசியைக் கொல்லும், செத்ததை வெளிய எடுக்கிறது பில்டர் மட்டும்தான், அதுக்கு நேரம் குடுக்கோணும். பம் மணித்தியாலத்துக்கு 10,000 லீற்றர் தள்ளினால் எங்கட பூல் ஒருக்காச் சுத்த நாலரை மணித்தியாலம், ஒரு சுத்தில கலங்கல் முழுக்கப் போகாது, கனக்கச் சுத்தோணும். மூண்டு நாள், சிலவேளை ஐஞ்சு நாள்.

மண் பில்டர் எண்டால் பிறசர் மீற்றரைப் பாருங்கோ. கழுவின உடன என்ன காட்டுது எண்டு எழுதி வச்சு, அதில இருந்து 8, 10 பிஎஸ்ஐ கூட ஏறினால் பாக்வோஷ், அதாவது தண்ணியை எதிர்ப்பக்கமா விட்டு மண்ணைக் கழுவுறது. பம்பை நிப்பாட்டிப்போட்டுத்தான் வால்வுப் பிடியைத் திருப்போணும், ஓடேக்க திருப்பினால் உள்ளுக்க இருக்கிற றப்பர் கிழியும். பாக்வோஷ் ரெண்டு மூண்டு நிமிசம், கண்ணாடிக் குமிழில தண்ணி தெளிஞ்சு வரும் வரைக்கும், பிறகு ரின்ஸில அரை நிமிசம், பிறகு பில்டர். ரின்ஸ் செய்யாம விட்டால் மிச்ச ஊத்தை திருப்பிப் பூலுக்க வந்து ஒரு முகில் மாதிரி நிக்கும். முதல் நாள் ரெண்டு மூண்டு தரம் கழுவ வேண்டி வரும், ஒவ்வொரு தரமும் 300 இல இருந்து 500 லீற்றர் போகும். அதுக்காக மணிக்கொருக்காக் கழுவவும் வேண்டாம், கொஞ்சம் ஊத்தை பிடிச்ச மண்தான் சின்னத் துகளை நல்லா வடிக்கும்.

நாலு நாளாகியும் ஒரு மாற்றமும் இல்லை, பிறசரும் ஏறேல்ல எண்டால் தண்ணி மண்ணுக்குள்ளால போகேல்ல, களவா வேற வழியால போகுது. பம்பை நிப்பாட்டி மேல் மூடியைத் திறந்து பாருங்கோ. எங்கட சுண்ணாம்புத் தண்ணிக்கு மண் கட்டிபட்டுச் சீமெந்துக் கல்லு மாதிரி இருக்கும், நடுவால பொந்து விழுந்திருக்கும். மண் நல்லா இருந்தால் வால்வுக்குள்ள இருக்கிற றப்பர் கிழிஞ்சிருக்கும். பூலுக்க தண்ணி வாற வாயால மண் வந்தால் அடியில இருக்கிற சல்லடைக் குழாய் உடைஞ்சுபோச்சு. இந்த மூண்டையும் பாக்காம மருந்துக்குக் காசு குடுக்காதேங்கோ.

பில்டருக்கு முல்லைத்தீவுக் கடல் மணல் போடலாமோ? நல்ல பொடியாத்தானே இருக்கு?

போடாதேங்கோ. அதில சிப்பித்தூள் இருக்கு, சிப்பி எண்டால் சுண்ணாம்பு, கரைஞ்சு கரைஞ்சு தண்ணியைக் கடினமாக்கும். உப்பும் இருக்கு, பருமனும் ஒரே மாதிரி இல்லை. வீடு கட்டுற ஆத்து மணலும் சரிவராது. பில்டர் மணல் எண்டு விக்கிறது அரை மில்லிமீற்றர் அளவில ஒரே பருமனா அரிச்ச படிக மணல். ஐஞ்சு தொடக்கம் ஏழு வருசத்துக்கு ஒருக்கா மாத்தினால் காணும், அதில மிச்சம் பிடிக்க வேண்டாம்.

படிகாரம் போட்டால் கெதியாத் தெளியுமோ? தேத்தாங்கொட்டை எண்டும் சொல்லுகினம்?

தேத்தா எங்கட காட்டு மரம், கொட்டையைப் பானையின்ர உள்பக்கம் உரஞ்சி விட்டால் கலங்கின குளத்துத் தண்ணியும் தெளியும், அம்மம்மா செய்யிறதைப் பாத்திருக்கிறன். படிகாரம் செய்யிற வேலையும் அதுதான், மிதக்கிற சின்னத் துகளை ஒண்டோட ஒண்டு ஒட்டப்பண்ணிப் பாரமாக்கி அடிக்கு இறக்கும். பானைக்குத் தேத்தாங்கொட்டை காணும், 45,000 லீற்றருக்குப் படிகாரம்தான்.

1000 லீற்றருக்கு 25 இல இருந்து 50 கிராம், எங்கட பூலுக்கு 1 கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருந்து 2.25 கிலோ வரை. பிஎச் 7.2 க்குக் கீழ இருக்கக்கூடாது, படிகாரம் இன்னும் குறைக்கும். வாளியில கரைச்சுச் சுத்தி வர ஊத்தி, வால்வை ரீசேக்குலேற்றில (தண்ணி பில்டர் மண்ணுக்க போகாமச் சுத்துறது) வச்சு ஒரு மணித்தியாலம் மட்டும் ஓடவிடுங்கோ. பில்டரில வைக்கக்கூடாது, மண்ணுக்க போய்க் களியா அடைச்சிடும். பிறகு பம்பை நிப்பாட்டி ஒரு இரவு முழுக்க ஒருத்தரும் தொடாமக் கிடக்கட்டும். விடிய எழும்பிப் பாத்தால் மேல கண்ணாடி, அடியில சாம்பல் பஞ்சு விரிச்ச மாதிரிக் கிடக்கும், முதல் தரம் பாக்கிற ஆளுக்குச் சந்தோசத்தில வாய் பேசாது. அந்தப் பஞ்சை வக்கியூமால வேஸ்ற்றில வச்சு நேரா வெளிய எடுக்கோணும், பிள்ளை நித்திரை கொள்ளேக்க பாய் இழுக்கிற மாதிரி மெல்ல மெல்ல. வேகமா இழுத்தால் கலங்கிப்போடும், திருப்பி ஒரு நாள் காத்திருக்கோணும். தண்ணி மட்டம் ஒரு சாண் குறையும், அதை நிரப்புங்கோ.

பாசி சாகாம படிகாரம் போட்டால் வீண். உயிர்ப்பாசி ரெண்டு நாளில திரும்பி வரும்.

மயில்துத்தம், சுண்ணாம்பு?

ரெண்டும் வேண்டாம். சுண்ணாம்பு பிஎச்சை ஏத்திக் கலங்கலைக் கூட்டும். மயில்துத்தம் பாசியைக் கொல்லும்தான், ஆனால் செம்பு தண்ணியை விட்டுப் போகாது, சுவரில கறை பிடிக்கும், தலைமயிர் பச்சை அடிக்கும், அந்தத் தண்ணியை வெளிய விட்டால் மீனுக்கும் நஞ்சு.

குளிசை ஒழுங்காப் போடுறம், எண்டாலும் பாசி வருது. ஏன்?

குளிசையில குளோரினோட வெயிலில இருந்து காப்பாத்திற ஒரு சாமானும் இருக்கு, சயனூரிக் அசிட். 30 இல இருந்து 50 பிபிஎம் வரை நல்லது. ஆனால் குளோரின் முடிஞ்சாலும் அது தண்ணிக்கயே நிண்டு சேந்துகொண்டு போகும், 100 ஐத் தாண்டினால் குளோரினை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு வேலை செய்ய விடாது. அதைக் குறைக்க மருந்தில்லை, கால்வாசி, அரைவாசித் தண்ணியை மாத்திறதுதான். மாரி மழை அந்த வேலையைச் சும்மா செய்து தரும், நிரம்பி வழிய விடுங்கோ.

நுளம்புக்கு என்ன செய்யிறது? பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து எச்சரிச்சிட்டுப் போனவர்.

அவர் சொன்னது சரி. நுளம்பு பெருகிற இடம் வச்சிருந்தால் நடவடிக்கை எடுக்க 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, வீட்டுக்காரர் கனடாவில எண்டு சொல்லித் தப்ப ஏலாது. எங்கட வெப்பத்துக்கு முட்டையில இருந்து நுளம்பாப் பறக்க 7 தொடக்கம் 10 நாள்தான். மலேரியாவால வன்னிச் சனம் பட்டபாடு வயது போன ஆக்களைக் கேட்டால் தெரியும், 2016 புரட்டாதியில தான் இலங்கையில மலேரியா இல்லை எண்டு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது, தந்த கையோட மன்னாரில கிணறுகளுக்குள்ள இந்தியாப் பக்கத்து மலேரியா நுளம்பு ஒண்டு புதுசாப் பிடிபட்டிட்டுது. அதால நிண்ட தண்ணி எண்டால் எனக்குப் பயம்.

இப்போதைக்குத் தெளியவைக்க வசதி இல்லை எண்டால் கப்பி மீன் விடுங்கோ, குடம்பியளைத் தின்னும். குளோரின் போடுற நாளுக்கு முதல் மீனைப் பிடிச்சுக் கிணத்துக்க இல்லாட்டித் தொட்டிக்க மாத்துங்கோ, குளோரின் பட்டால் ஒண்டும் தப்பாது.

வெள்ளம் பூலுக்க போயிட்டுது. அதே முறைதானோ?

2018 மார்கழியில வந்த மாதிரி வெள்ளம் எண்டால் மலக்குழி, மாட்டுப்பட்டி, வயல் மருந்து எல்லாத்தையும் கழுவிக்கொண்டுதான் உள்ள வரும். அதைக் கலங்கல் எண்டு நினைக்காம அழுக்குத் தண்ணி எண்டு நினையுங்கோ. வெள்ளம் வடிஞ்சு நிலத்தண்ணி இறங்கும் வரைக்கும் பூலை இறைக்கவும் வேண்டாம், நான் சொன்ன அந்த 32 தொன் அப்பத்தான் கீழ நிக்கும். குளோரின் போட்டு வச்சிருந்து, நிலம் காய்ஞ்சாப்பிறகு இறைச்சு, சேறு அள்ளி, உரஞ்சிக் கழுவி, புதுத்தண்ணி விடுங்கோ. வீட்டுக் கிணறு முதல், பூல் பிறகு.

பாக்வோஷ் தண்ணியை எங்க விடுறது?

கிணத்தடியில, வயலில, குளத்துக்குப் போற வாய்க்காலில விடாதேங்கோ. பூல் தண்ணியை இறைக்கிறதெண்டால் ரெண்டு மூண்டு நாள் குளோரின் போடாம வெயிலில விட்டு, கிற்றில பூச்சியம் வந்தாப்பிறகு வெறும் தரையில பரவ விடுங்கோ. பாக்வோஷ் தண்ணிக்குக் கிணத்துக்குத் தூரமா ஒரு கிடங்கு வெட்டினால் காணும்.

கரண்ட் எவ்வளவு போகும்?

ஒரு குதிரைவலு பம் மணித்தியாலத்துக்கு முக்கால் யூனிற் அளவில, 24 மணித்தியாலம் ஓடினால் 18 யூனிற். ஐஞ்சு நாளுக்கு 90. தெளிஞ்சாப்பிறகு நாளைக்கு 8 மணித்தியாலம், 6 யூனிற். பின்னேரம் வோல்டேஜ் விழுகிற இடமெண்டால் அந்த நேரம் நிப்பாட்டி விடியப்புறம் ஓடவிடுங்கோ, மோட்டர் தப்பும்.

தெளிஞ்சிட்டுது. எப்ப குளிக்கலாம்?

அடி மூடி தெரியோணும், குளோரின் 1 க்கும் 3 க்கும் இடையில நிக்கோணும், பிஎச் 7.2 க்கும் 7.6 க்கும் இடையில. மூண்டும் சரியெண்டால் இறங்குங்கோ. பெரியாள் ஒராள் தண்ணியைப் பாத்துக்கொண்டு கரையில இருக்கோணும், போனைப் பாத்துக்கொண்டு இருக்கிற ஆள் கணக்கில்லை.

புரட்டாதியில திரும்பிப் போறம், அடுத்த ஆடிக்குத்தான் வருவம். என்ன செய்துபோட்டுப் போறது?

போற கிழமை நல்லாத் தெளிய வச்சு, உரஞ்சி, பில்டரைக் கழுவி விடுங்கோ. தண்ணியை இறைக்காதேங்கோ, மாரி வருது. பூலுக்கு மேல தொங்கிற மாங்கொப்பு, வேப்பங்கொப்பைத் தறியுங்கோ. இறுக்கிக் கட்டுற நெற் மேல போடுங்கோ, இலையும் விழாது, வெயிலும் பாதியாகும்.

பிறகு வீட்டைப் பாக்கிற ஆளோட இருந்து கதையுங்கோ. அந்த அண்ணைக்கோ அக்காவுக்கோ காவலுக்கு மட்டும் சம்பளம் குடுத்துப்போட்டு, பூல் பாசி பிடிச்சுது எண்டு போனில ஏசுறது ஞாயமில்லை. பூல் வேலைக்கெண்டு தனியாக் குடுங்கோ, கரண்ட் காசையும் சேத்து. கிற்றை எப்பிடிப் பாக்கிறது, வால்வை எப்பிடித் திருப்பிறது எண்டு போறதுக்கு முதல் ரெண்டு மூண்டு தரம் அவரின்ர கையாலயே செய்விச்சுப் பாருங்கோ. நாளைக்கு நாலு மணித்தியாலம் பம், கிழமைக்கு ரெண்டு தரம் பொழுதுபடக் குளோரின், எங்கட பூலுக்கு ஒரு தரத்துக்கு 130 கிராம் போட்டால் 2 பிபிஎம் வரும், அளந்து பாத்துக் கூட்டிக் குறையுங்கோ. பெருமழை பெய்த அடுத்த நாள் ஒருக்கா மேலதிகமா. கிழமைக்கொருக்கா அடி மூடி தெரியிற மாதிரி ஒரு படம் எடுத்து வைபரில அனுப்பச் சொல்லுங்கோ, படத்தில மூடி மங்கத் தொடங்கின கிழமையே எனக்கு எடுத்தால் ஒரு நாள் வேலை, ஆடியில வந்து எடுத்தால் பத்து நாள்.